நடுவில் நிற்கும் முள்

(உதகமண்டலத்தில் ஒரு நூலக அரங்கில், ஓட்டுநர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. மேசை மேல் மின் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பாத்திரத்தின் அடியைத் தொடாமல். முன்வரிசையில் இருக்கிற தம்பி, கொஞ்சம் எழுந்து வந்து எவ்வளவு காட்டுகிறது என்று படிப்பா.

தொண்ணூற்றிரண்டரை. சரி. இப்போது அவையைக் கேட்கிறேன். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். கண்ணெதிரே கொதிக்கிறது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றிரண்டரை காட்டுகிறது. தப்பு யார் மேல்?

'தெர்மாமீட்டர் மேல்' என்று பின்னால் இருந்து ஒரு குரல் வருகிறது. அந்த ஐயாவை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தெர்மாமீட்டரைப் புதிதாக வாங்கி வந்த அன்று எனக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் தெர்மாமீட்டர் சரி, தண்ணீரும் சரி. நாம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். சென்னைக் கடற்கரையில் நூறு, இங்கே தொண்ணூற்றிரண்டரை. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்.

காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் தண்ணீர் காய்ச்சுகிறேன் என்று கேட்பீர்கள். ஒரு மீட்டர் சரியா தப்பா என்று சொல்ல வேண்டுமானால் இன்னொரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த அடுப்பு.

முள்ளை நம்பி நான் பட்ட பாடு ஒன்று உண்டு. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். மாமாவின் பழைய காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுகிறோம். சித்திரை வெயில். கல்லாறு தாண்டியதிலிருந்து முள் பாதிக்கு மேலே நின்றது. பர்லியாரில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் மாமா என்றேன். அதற்குள் முள் இறங்க ஆரம்பித்துவிட்டது. பாதி, கால், அதற்கும் கீழே. மாமாவுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா மாப்ள, மலைக்காத்து பட்டதும் தன்னால எறங்குது. இதுக்குப் போய் நிறுத்தணுங்கிற." பர்லியாரில் நிறுத்தவில்லை. இன்னும் நான்கைந்து வளைவு. எஞ்சினில் டகடகவென்று ஒரு தட்டல், ரப்பர் கருகுகிற வாடை, அதோடு வண்டி நின்றது. முள் அப்போதும் 'சி' எழுத்துக்குப் பக்கத்தில் சாதுவாகப் படுத்திருந்தது.

நடந்தது இதுதான். கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து தண்ணீர் வழியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. சூட்டைப் பார்க்கும் சென்சார் தண்ணீரில் முழுகி இருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும். தண்ணீர் போனதும் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நின்றது. சுற்றிலும் இரும்பு கொதிக்க, சென்சார் மட்டும் ஆறிக்கொண்டிருந்தது. அந்த மீட்டரில் கோளாறே இல்லை. தன் மேல் பட்ட சூட்டை அது ஒழுங்காகத்தான் சொன்னது. சிலிண்டர் ஹெட் வளைந்து, லேத்துக்குப் போய் மட்டம் பிடித்து வர மூன்று வாரம் ஆனது. மாமா அதற்குப் பிறகு என்னை மாப்ள என்று கூப்பிடவே ஒரு மாதம் ஆனது.

மலை ஏறும்போது முள் திடீரென்று இறங்கினால் மகிழாதீர்கள். ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் பாதகமில்லை, இதை மறக்க வேண்டாம்.

இனி முள்ளின் பூர்வீகம், சுருக்கமாக. ஆரம்ப காலக் கார்களில் இப்படி ஒரு முள்ளே கிடையாது. ஆவி கிளம்பினால் சூடு, கிளம்பாவிட்டால் சரி. 1912-இல் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் பெயரில் மோட்டோமீட்டர் வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு தெர்மாமீட்டர். ஓட்டுநர் கண்ணாடி வழியாக அதன் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர்கள் கூட அதைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பிறகு மீட்டர் டாஷ்போர்டுக்குள் வந்தது. எஞ்சினில் ஒரு குமிழ், அதற்குள் சீக்கிரம் ஆவியாகும் திரவம், அங்கிருந்து டாஷ்போர்டு வரை மயிரிழை போன்ற செம்புக் குழாய். சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் ஏறும், மீட்டருக்குள் வளைந்திருக்கும் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். இந்த வளைகுழாய் பாரிஸில் 1849-இல் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்றது. நீராவி எஞ்சின்களுக்காக வந்த சங்கதி அது. நம் மலை ரயிலின் நீராவி எஞ்சினில் அழுத்தம் காட்டும் வட்ட மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் இதே குழாய்தான். இந்தக் கார் மீட்டருக்கு மின்சாரம் வேண்டாம், ஃப்யூஸ் வேண்டாம். அந்தச் செம்புக் குழாய் எங்காவது மடிந்து ஒடிந்தால்தான் கதை முடியும்.

அதன் பிறகு மின்சார மீட்டர். 1960-களின் இங்கிலாந்துக் கார்களில் ஸ்மித்ஸ் மீட்டர்கள் இருந்தன. உள்ளே இரட்டை உலோகத் தகடு, அதைச் சுற்றிச் சூடாகும் கம்பி. மின்னோட்டம் கூடினால் தகடு வளையும், முள் ஏறும். பேட்டரி அழுத்தம் ஏறி இறங்கினால் முள்ளும் ஆடும் அல்லவா, அதற்காக நடுவில் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று வைத்தார்கள். பெட்ரோல் மீட்டருக்கும் டெம்பரேச்சர் மீட்டருக்கும் அதே ஒன்றுதான். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஞ்சினும் சூடாகத் தெரிகிறது, டேங்கும் இருப்பதைவிட நிறையக் காட்டுகிறது என்றால் ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள். அந்த ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பாருங்கள். எர்த் விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் இரண்டு மீட்டருக்கும் போகும். இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு.

இப்போது சென்சாருக்கு வருவோம். இதோ, சுண்டுவிரல் அளவு பித்தளைத் துண்டு. இதன் மூக்கில் தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏறினால் இதன் மின்தடை குறையும். பல கார்களில் வரும் பாஷ் வகைச் சென்சாரின் கணக்கைச் சொல்கிறேன். 20 டிகிரியில் 2,500 ஓம். 30 டிகிரியில் சுமார் 1,700. எண்பதில் சுமார் 320. தொண்ணூறில் 240 சொச்சம். நூறில் 186.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இருபதிலிருந்து முப்பதுக்குப் போக 800 ஓம் இறங்குகிறது. தொண்ணூறிலிருந்து நூறுக்குப் போக ஐம்பது சொச்சம் ஓம்தான். குளிரில் தாராளமாகப் பேசுகிற சென்சார், சூட்டில் முணுமுணுக்கிறது. இப்போது இணைப்பில் பச்சைப் பாசி பிடித்து 20 ஓம் கூடுதல் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 2,500-இல் இருபது ஒன்றுமே இல்லை. கால் டிகிரி கூட வராது. அதே இருபது ஓம் நூறு டிகிரியில் 186-ஐ 206 ஆக்கும். மீட்டர் தொண்ணூற்றாறு என்று படிக்கும். நான்கு டிகிரி வித்தியாசம், அதுவும் எந்தப் பக்கம்? உண்மையைவிடக் குறைவாக. கசிவுக்குப் பயந்து சென்சார் மரையில் வெள்ளை டேப்பைப் பட்டை பட்டையாகச் சுற்றுவார்கள். ஒற்றை ஒயர் வரும் பழைய வகைச் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். எர்த் கெட்டாலும் இதே கதைதான். முள் இறங்கும், எஞ்சின் இறங்காது.

இனி சோதிக்கிற வழி. முதலாவது காலைச் சோதனை. இதற்குக் காசு செலவே இல்லை என்று சொல்லலாம். வண்டி இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும், எட்டு மணி நேரமாவது. அப்போது எஞ்சினில் இருக்கும் தண்ணீரும், உள்ளே போகும் காற்றும், வெளிக்காற்றும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள், இப்போது இங்கேயும் எல்லாப் புது வண்டியிலும் உண்டு. தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்றை அதில் சொருகினால் போனில் தெரியும். சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஓடவிட வேண்டாம். எஞ்சின் தண்ணீர், அதாவது கூலன்ட் எத்தனை, உள்ளே வரும் காற்று எத்தனை என்று பாருங்கள். போன வாரம் என் வண்டியில் கூலன்ட் 12, காற்று 11, திண்ணையில் தொங்கும் தெர்மாமீட்டர் 11. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வரலாம். கூலன்ட் மட்டும் 25 என்று நின்றால் சென்சார் பொய் சொல்கிறது.

கம்ப்யூட்டர் அந்தச் சூட்டை எப்படி அனுப்புகிறது தெரியுமா? 0 முதல் 255 வரை ஒரே ஓர் எண். அதில் நாற்பதைக் கழித்தால் செல்சியஸ். 123 என்று வந்தால் 83 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிர்கிற ஊரிலும் ஓட வேண்டும் என்பதற்காக அந்த நாற்பது. அவ்வளவுதான் மந்திரம்.

ஆனால் இதில் ஏமாந்துவிடக் கூடாது. ஸ்கேனரும் டாஷ்போர்டு முள்ளும் பெரும்பாலும் ஒரே சென்சாரிடம்தான் கேட்கின்றன. ஸ்கேனர் எண்ணும் முள்ளும் ஒத்துப்போகிறது, அதனால் எல்லாம் சரி என்று சொல்வது, அண்ணன் சொன்னதைத் தம்பி ஒப்பித்ததால் நிஜம் என்பது போல. முள் சரியா என்று ஸ்கேனர் சொல்லும். சென்சார் சரியா என்று அது சொல்லாது. மீட்டருக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு சென்சார் வைத்த கார்கள் சில இருக்கின்றன. அவற்றில் மட்டும் இது நிஜமான சாட்சி.

காலைச் சோதனை குளிர்ப் பக்கத்தை மட்டும்தான் சொல்லும். நமக்குப் பயம் சூட்டுப் பக்கம். அதற்குத்தான் இரண்டாவது, இந்தப் பாத்திரச் சோதனை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றி, இப்படி நூலில் கட்டித் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மாட்டுங்கள். அடியைத் தொட்டால் அடுப்பின் சூட்டை அளப்பீர்கள், தண்ணீரின் சூட்டை அல்ல. தெர்மாமீட்டரும் சென்சாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தம்பி, மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது? 225. தொண்ணூற்றிரண்டரைக்கு அது சரியான எண். இந்தச் சென்சார் பாஸ். கொதிநிலை நூறு என்று நினைத்துக்கொண்டு 186 வரவில்லையே என்று இதைத் தூக்கி எறிந்திருந்தால்? மலையில் பல நல்ல சென்சார்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன என்று என் சந்தேகம். தெர்மாமீட்டரையே சந்தேகப்பட்டால் உடைத்த ஐஸ்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் விடுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அதற்கு மலையும் கடலும் ஒன்றுதான்.

சூடு ஏறியதும் எஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டுக்கும் இதே பேச்சு பொருந்தும். 88 என்று முத்திரை குத்திய தெர்மோஸ்டாட் 88-இல் திறக்கத் தொடங்கும். முழுக்கத் திறக்க இன்னும் பத்து டிகிரி வேண்டும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் அந்தச் சூடு வரவே வராது. பாதி திறந்ததைப் பார்த்து 'மாட்டிக்கிச்சு, மாத்திடலாம்' என்பார்கள். கூலன்ட் கலவையைக் காய்ச்சினால் தண்ணீரைவிட அதிகச் சூடு கிடைக்கும், நான் அப்படித்தான் செய்கிறேன். கூலன்ட் விஷம். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைப் பக்கம் போகக் கூடாது. என் வீட்டில் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த விதத்தை இந்த அவையில் சொல்ல முடியாது.

துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இப்போது மலிவு. அதுவும் நல்ல சாட்சிதான், ஆனால் முகம் பார்த்துச் சாட்சி சொல்லும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் பிடித்தால், அலுமினியத்தின் சூட்டை விட்டுவிட்டு அதில் பிரதிபலிக்கும் பக்கத்துப் பொருள்களின் சூட்டைச் சொல்லும். தெர்மோஸ்டாட் பெட்டி எண்பத்தைந்தில் இருக்க, நாற்பது காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு கறுப்பு டேப்பை அங்கே ஒட்டி, டேப்பின் மேல் பிடியுங்கள். எண்பது சொச்சம் வரும். ரப்பர் ஹோஸின் மேல் பிடித்தால் உள்ளே ஓடும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாக வரும், ரப்பர் சூட்டைத் தடுப்பதால். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் உதவுமா என்று ஒருவர் கேட்டார். உடம்புச் சூட்டை அளக்கும் நிலையில் அது நாற்பதை ஒட்டித் தன் எல்லை முடிந்தது என்று கைவிரித்துவிடும். எஞ்சினுக்குக் காய்ச்சல் என்று அதற்கே தெரிந்துவிடும், எவ்வளவு என்று சொல்லாது.

சரி, சென்சாரும் சரி, ஒயரும் சரி, எர்த்தும் சரி. அப்படியானால் முள் உண்மை சொல்லுமா? இன்றைய கார்களில் சொல்லாது. வேண்டுமென்றேதான் சொல்லாது.

என் வண்டியில் ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் மகனை உட்காரவைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எழுதச் சொன்னேன். தண்ணீர் 76 டிகிரியைத் தொட்டபோது முள் நடுவுக்கு வந்தது. 85-இலும் நடு. 97-இல் ஃபேன் ஓடியது, அப்போதும் நடு. ஒரு லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தபோது 106 ஏறியது. முள்ளுக்கு அசைவே இல்லை. முப்பது டிகிரி ஏறி இறங்கியதை அந்த முள் ஒரு மயிரிழை கூடக் காட்டவில்லை. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும். ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேடு ஏறினால் சூடு கூடுவதும் இறக்கத்தில் குறைவதும் இயல்பு. ஆனால் முள் ஆடினால் வாடிக்கையாளர் பயந்து சர்வீஸுக்கு வண்டியைக் கொண்டுவந்துவிடுகிறார். அதனால் நடுவில் கட்டிப்போட்டார்கள். இன்னும் பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் இருப்பது உங்களுக்கு வேண்டாத விஷயம் என்கிறார்கள்.

நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அது போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். மலையில் ஓட்டுகிறவருக்குப் போதாது. காரணம், ரேடியேட்டர் மூடியின் கணக்கு. மூடியில் 0.9 என்று அச்சடித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் வரை உள்ளே அடக்கி வைக்கும் என்று பொருள். சமவெளியில் அதனால் வெறும் தண்ணீர் சுமார் 119 டிகிரி வரை கொதிக்காது. இங்கே வெளி அழுத்தமே குறைவு. அதே மூடி, அதே தண்ணீர், சுமார் 115-இலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் தொண்ணூற்றிரண்டரையிலேயே பொங்கும். அந்த எண்ணை என் வண்டியின் முள்ளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் பொங்கிக் கொட்டிக்கொண்டிருக்கும்போது அது நடுவில், ஒன்றும் நடக்காதது போல நின்றிருக்கும். முள் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, மூடியின் ரப்பரை வாரம் ஒரு முறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது மேல்.

ஒரு தலைமுறைக்கு முன் கார் முள் ஆடும், ஓட்டுநர் அதைப் பார்த்துக் கியர் மாற்றுவார். அந்த ஆட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை நிறுத்தியதை நான் முன்னேற்றம் என்று எண்ணவில்லை. எண்ணாகக் காட்டுகிற ஒரு சின்னத் திரையை வைக்க என்ன செலவாகும்? அது வரும் வரை அந்தத் தீப்பெட்டி ஸ்கேனர் டாக்ஸிக்காரர்கள் கையில் இருக்கட்டும். உங்கள் வண்டி எந்த மேட்டில் எத்தனை ஏறுகிறது, ஃபேன் எத்தனையில் ஓடுகிறது என்று ஒரு பழைய டைரியில் எழுதி வையுங்கள். வழக்கமாக 98-இல் நிற்கிற இடத்தில் ஒரு நாள் 104 வந்தால், முள்ளுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே உங்களுக்குத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேசை மேல் இன்னும் மூன்று சென்சார்கள் வைத்திருக்கிறேன். இரண்டு நல்லவை, ஒன்று நொண்டி. காலைச் சோதனையில் மூன்றும் தேறிவிட்டன. மல்டிமீட்டரும் இங்கேயே இருக்கிறது. எது நொண்டி என்று வந்து கண்டுபிடியுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது, பாத்திரத்தைப் பார்த்துத் தொடுங்கள்.